ஆட்சி போன பின் மார்க்ஸ்: கொல்கத்தா விட்டுச்சென்ற கேள்விகள்

2021 மே 2 அன்று மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளியானபோது, சுதந்திர இந்தியாவில் முதன்முறையாக அந்த அவையில் கம்யூனிஸ்ட் உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1977 ஜூனிலிருந்து 2011 மே வரை 34 ஆண்டுகள் இடைவிடாமல் அந்த மாநிலத்தை மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தலைமையிலான இடது முன்னணி ஆண்டிருந்தது. 2006 தேர்தலில் 294 இடங்களில் 235ஐ வென்றிருந்தது. பதினைந்தே ஆண்டுகளில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மார்க்சியம் காலாவதியாகிவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டிலும் நிறையவே உண்டு.

கட்சி தோற்பது வேறு, சிந்தனை தோற்பது வேறு என்று இடதுசாரி நண்பர்கள் பதில் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஒரு சிந்தனையின் பெயரால் 34 ஆண்டுகள் ஆட்சி நடந்தால், அந்த ஆட்சியின் வரவு செலவில் சிந்தனைக்கும் பங்கு உண்டு. நான் சொல்ல விரும்புவது வேறு. இடது முன்னணி ஏன் வீழ்ந்தது என்பதை விளக்க மார்க்சியத்தைவிடக் கூர்மையான கருவி இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த விளக்கத்தைக் கொல்கத்தாவின் மார்க்சியச் சிந்தனையாளர்களே எழுதியும் வைத்தார்கள். ஆட்சியில் இருந்தவர்கள் அதற்குக் காது கொடுக்கவில்லை.

இதைப் புரிந்துகொள்ள 1943க்குப் போக வேண்டும். அந்த ஆண்டின் வங்கப் பஞ்சத்தில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டார்கள். கொல்கத்தாவில் அரிசி இல்லாமல் போகவில்லை. அதை வாங்கக் காசில்லாத கிராமத்து மக்கள், நகரத்து வீட்டு வாசல்களில் நின்று வடிகஞ்சி கேட்டபடி செத்தார்கள். முந்திய ஆண்டுதான், ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று கடலோர வங்கத்தின் படகுகளையும் நெல்லையும் ஆங்கிலேய அரசு அப்புறப்படுத்தியிருந்தது. வியாபாரிகள் பதுக்கினார்கள், விலை ஏறியது. இதை விதி என்றும் இயற்கையின் சீற்றம் என்றும் சொல்லி ஒதுக்கிவிட முடியும். பலர் அப்படித்தான் சொன்னார்கள். கம்யூனிஸ்ட் கட்சியைச் சுற்றியிருந்த இளம் கலைஞர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: நெல் விளைந்தது, அது யாரிடம் போயிற்று?

ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர் மாவட்டத்தில் ஊர் ஊராகச் சுற்றினார். பசியில் கிடந்தவர்களை மையால் வரைந்து, அவர்களின் பெயரையும் ஊரையும் குறித்து வைத்தார். ‘பசித்த வங்கம்’ என்ற அந்தச் சிறு நூலின் பிரதிகளை அரசு கைப்பற்றி அழித்தது. சுனில் ஜனா புகைப்படக் கருவியுடன் போனார். ஜைனுல் ஆபிதின் கொல்கத்தாத் தெருக்களிலேயே வரைந்தார். 1943 மே மாதம் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானது. 1944இல் அதன் வங்கக் கிளை பிஜன் பட்டாச்சார்யாவின் ‘நபான்ன’ நாடகத்தை மேடையேற்றியது. அதுவரை புராண வீரர்களும் நவாபுகளும் வலம்வந்த கொல்கத்தா மேடையில், பட்டினியால் ஊரை விட்டு வந்த உழவுக் குடும்பம் ஒன்று கந்தலோடு வந்து நின்றது. கலையின் நாயகன் யார் என்பதே மாறிப்போனது. மார்க்சியம் இந்தியப் பண்பாட்டுக்குக் கொடுத்தவற்றில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான். கொள்கை விளக்கம் எதுவும் அந்த ஓவியங்களில் கிடையாது. சாகிறவருக்குப் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அதே இயக்கத்துக்குள் பத்தே ஆண்டுகளில் ஒரு பிளவு விழுந்தது. 1954இல் திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக் கட்சிக்கு ஓர் ஆய்வறிக்கை சமர்ப்பித்தார். பண்பாட்டு முனை பற்றிய அந்த அறிக்கையில் அவர் வைத்த குற்றச்சாட்டு தெளிவானது. கலைஞர்களைக் கட்சி கூட்டம் சேர்க்கவும் நிதி திரட்டவும் பயன்படுத்துகிறது. கலைக்கென்று உள்ள உழைப்பையும் பயிற்சியையும் விதிகளையும் மதிப்பதில்லை. கட்சிக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல அவர். லெனினை வரிக்கு வரி படித்து, கட்சி திருந்த வேண்டும் என்ற தவிப்பில் எழுதினார். மறு ஆண்டே கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த அறிக்கை அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே நூலாக வந்தது.

நீக்கப்பட்ட பிறகு கட்டக் எடுத்த படங்களைப் பார்த்தால், மார்க்சியம் அவரை விட்டுப் போகவில்லை என்பது தெரியும். 1960இல் வந்த ‘மேகே டாகா தாரா’ ஒன்று போதும். பிரிவினையால் துரத்தப்பட்டுக் கொல்கத்தாவின் ஓரத்துக் காலனியில் ஒதுங்கிய குடும்பம். மூத்த மகள் நீதா படிப்பை விட்டு வேலைக்குப் போகிறாள். அவள் சம்பளத்தில் அண்ணன் பாட்டுப் பயில்கிறான், தம்பி விளையாடுகிறான், தங்கை பட்டுப் புடவை கேட்கிறாள். நீதாவின் காதலன் தங்கையைக் கட்டிக்கொள்வதைத் தாய் தடுப்பதில்லை. நீதாவுக்குத் திருமணம் ஆகிவிட்டால் வருமானம் போய்விடும் அல்லவா? கடைசியில் அவளுக்குக் காசநோய். தமிழ் ரசிகர்களுக்கு 1974இல் பாலசந்தர் எடுத்த ‘அவள் ஒரு தொடர்கதை’யின் கவிதா நினைவுக்கு வரலாம். ஆனால் கட்டக்கின் பார்வை தியாகத்தைப் போற்றுவதில் நிற்பதில்லை. பாசம் என்ற பெயரில் ஒரு பெண்ணின் உழைப்பு எப்படி உறிஞ்சப்படுகிறது என்பதை அந்தப் படம் கணக்குத் தவறாமல் காட்டுகிறது. அந்தக் குடும்பத்தில் கொடியவர் யாரும் இல்லை. எல்லோருமே நல்லவர்கள், எல்லோரும் சேர்ந்துதான் அவளைத் தின்கிறார்கள். சுரண்டலுக்குக் கெட்ட மனிதர்கள் தேவையில்லை, உறவுகளின் அமைப்பே போதும் என்பது மார்க்ஸின் அடிப்படைப் பாடம். அதை இவ்வளவு வலியோடு சொன்ன இந்தியப் படம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. இதை எடுத்தவரைத்தான் கட்சி வேண்டாம் என்றது.

நாடகக் கலைஞர் உத்பல் தத் வேறு வழியில் போனார். 1946 கடற்படை எழுச்சியைப் பற்றிய ‘கல்லோல்’ நாடகத்தை 1965இல் மினர்வா அரங்கில் போட்டார். காங்கிரஸ் அரசு அவரைச் சிறையில் வைத்தது. பாதல் சர்க்கார் மேடையையே துறந்து, பூங்காவிலும் தெருவிலும் டிக்கெட் இல்லாமல் நாடகம் போட்டார். 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பட்டறை, தமிழில் வீதி நாடகம் வேர்விட உதவியது. கலையும் ஒரு பண்டமாகிவிட்டது என்ற மார்க்சிய விமர்சனத்தைச் சர்க்கார் கட்டுரையாக எழுதி நிறுத்திக்கொள்ளவில்லை. நுழைவுச் சீட்டையே எடுத்தெறிந்து செயலாக்கினார்.

ஆய்வுலகில் நடந்தது இதற்கு இணையான இன்னொரு கதை. பேராசிரியர் சுசோபன் சர்க்கார் 1950களின் இறுதியிலேயே கொல்கத்தா மாணவர்களுக்கு இத்தாலியச் சிந்தனையாளர் கிராம்ஷியை அறிமுகப்படுத்தினார். அவருடைய மாணவர் ரணஜித் குகா, ஹங்கேரியில் சோவியத் படைகள் புகுந்த 1956இல் கட்சியை விட்டு வெளியேறியவர். 1982இல் அவர் பதிப்பித்த முதல் தொகுதியோடு தொடங்கிய ஆய்வு வரிசையைத் தமிழில் விளிம்புநிலை ஆய்வுகள் என்கிறோம். உழவர்களைத் தலைவர்கள் தட்டி எழுப்பினார்கள் என்று எல்லா வரலாறும் சொல்கிறதே, உழவர்களுக்கென்று சொந்த அரசியல் அறிவு இல்லையா என்று அது கேட்டது. தீபேஷ் சக்கரவர்த்தி 1989இல் ஹூக்ளிக் கரைச் சணல் ஆலைத் தொழிலாளர்களைப் பற்றி எழுதிய நூல் இன்னும் கசப்பான உண்மையைத் தொட்டது. தொழிற்சங்கத்துக்குள்ளேயும் படித்த பாபு தலைவர், கூலி தொண்டர். சமத்துவம் பேசிய சங்கத்தில் பழைய மேல்கீழ் உறவு அப்படியே உட்கார்ந்திருந்தது.

இங்கே ஒரு சிறு விலகல். தத்துவ ஆய்வாளர் தேபிபிரசாத் சட்டோபாத்யாய 1959இல் வெளியிட்ட ‘லோகாயத’ நூலுக்கு, பண்டைக் கிரேக்கத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜார்ஜ் தாம்சன் பெரிய ஊக்கம். அதே தாம்சனிடம்தான் யாழ்ப்பாணத்துக் கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஆய்வு செய்தார்கள். நம் சங்க இலக்கிய ஆய்வும் வங்கத்தின் உலகாயத ஆய்வும் ஒரே அறிஞரின் ஊக்கத்தில் வளர்ந்தவை. தமிழில் இந்த உறவு போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி ஆட்சிக்கு வருவோம். இடது முன்னணியின் முதல் பத்தாண்டு பெருமைக்குரியது. அதை மறுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1946இல் தெபாகா இயக்கத்து உழவர்கள் கேட்டது விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு. அதற்காகக் குண்டடி பட்டுச் செத்தார்கள். 1978இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’வில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட வாரக் குத்தகைதாரர்களின் பெயர் அரசுப் பதிவேட்டில் ஏறியது. நிலக்காரர் நினைத்தபடி அவர்களை இனி விரட்ட முடியாது. அதே ஆண்டு ஊராட்சித் தேர்தல் நடந்து, சிறு விவசாயிகளும் பள்ளி ஆசிரியர்களும் பொறுப்புக்கு வந்தார்கள். மார்க்சியம் உழவர் வீட்டுக்குள் பதிவுச் சான்றாக நுழைந்த அரிய தருணம் அது.

அடுத்த ஆண்டே மரிச்ஜாப்பி. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்டிருந்த அகதிகள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினரான நாமசூத்திரர்கள், வங்கத்துக்கே திரும்பி வந்து சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் குடியேறினார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது அவர்களை வங்கத்திலேயே குடியமர்த்த வேண்டும் என்று வாதாடிய இடதுசாரிகள், ஆட்சிக்கு வந்ததும் அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்றார்கள். 1979 ஜனவரியில் தீவு முற்றுகையிடப்பட்டது. மே மாதம் குடிசைகள் காலி செய்யப்பட்டன. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு இன்றுவரை இல்லை. சாதியைப் பொருளாதாரத்தின் வால் என்று எண்ணி விட்டுவிட்டதன் விலை இது. தஞ்சையில் 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவும் தோழர்களும் கூலி உயர்வோடு சேர்த்தே, பண்ணையாட்களுக்குத் தரப்பட்ட சவுக்கடிக்கும் சாணிப்பால் தண்டனைக்கும் எதிராகப் போராடினார்கள். கூலியும் மானமும் அங்கே ஒரே கோரிக்கையாக இருந்தன. வங்க இடதுசாரித் தலைமையோ கடைசிவரை பெருமளவு மேல்சாதிப் படித்த வகுப்பான பத்ரலோகத்தின் கையிலேயே இருந்தது. நாமசூத்திர அகதிக் குடும்பத்தில் பிறந்து, சிறையில் எழுத்தறிந்து, கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தபடியே நாவலாசிரியர் மகாஸ்வேதா தேவியைச் சந்தித்து எழுத்தாளரான மனோரஞ்சன் பியாபாரியின் தன்வரலாற்றைப் படித்தால், பர்கா பதிவேட்டில் ஏறாத வங்கம் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது சிங்கூர். 2006 மே 18, ஏழாவது இடது முன்னணி அரசு பதவியேற்ற அன்றே, டாடாவின் சிறு கார் தொழிற்சாலை அறிவிப்பு வந்தது. ஹூக்ளி மாவட்டத்தில் பல போகம் விளையும் 997 ஏக்கர். 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தைக் கொண்டு கையகப்படுத்தினார்கள். பட்டாதாரருக்கு விலை. பதிவான வாரதாரருக்கு ஒரு சிறு பங்கு. பதிவாகாத வாரதாரரும் நிலமற்ற கூலிகளும் அந்தக் கணக்கின் விளிம்பிலேயே நின்றார்கள். ஆபரேஷன் பர்கா நடத்திய அதே முன்னணியின் அரசுதான் இதைச் செய்தது. அதேபோல் நிலம் எடுப்பதை எதிர்த்த நந்திகிராமில் 2007 மார்ச் 14 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். மகாஸ்வேதா தேவியும் திரைப்பட இயக்குநர் அபர்ணா சென்னும் கவிஞர் சங்க கோஷும் அரசுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குப் போனது. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் நிலக் கையகப்படுத்தலை ரத்து செய்தது.

முதலமைச்சர் புத்ததேவ் பட்டாச்சார்யா ஊழல்வாதி அல்ல. ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியை வங்க மொழியில் தந்தவர், இரண்டு அறை வீட்டில் வாழ்ந்து 2024இல் மறைந்தவர். அவருக்கும் ஒரு கோட்பாடு இருந்தது. வேளாண்மைக்குப் பின் தொழில்மயம், விவசாயி தொழிலாளியாவான், அதுவே வரலாற்றின் ஏணிப்படி. இதை மார்க்சியம் என்றே அவர்கள் நம்பினார்கள். ஆனால் 1881இல் ரஷ்யப் புரட்சியாளர் வேரா ஸசூலிச்சுக்கு எழுதிய கடிதத்தில், தான் விவரித்த பாதை மேற்கு ஐரோப்பாவுக்கானது, எல்லா நாட்டுக்குமான தலைவிதி அல்ல என்று மார்க்ஸே சொல்லியிருக்கிறார். ‘மூலதனம்’ முதல் தொகுதியின் கடைசிப் பகுதி, இங்கிலாந்தின் உழவர்கள் எப்படி நிலத்திலிருந்து பிடுங்கி எறியப்பட்டார்கள் என்பதை விவரிக்கிறது. நக்சல்பாரியின் தாக்கத்தில் சிறை சென்ற தியாகுவின் தமிழாக்கத்தில் அதை நாம் படிக்க முடியும். சிங்கூரில் வேலி போடப்பட்ட வயலைப் பார்த்த எவருக்கும் அந்த அத்தியாயங்கள் புதிதாகத் தோன்றியிராது.

இந்த இடத்தில்தான் கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கல்யாண் சன்யால் வருகிறார். முதலாளித்துவ வளர்ச்சியை மறுபரிசீலனை செய்யும் அவருடைய நூல் 2007இல், சரியாக நந்திகிராம் ஆண்டில் வெளியானது. அவர் வாதத்தை என் சொற்களில் சொல்கிறேன். இங்கிலாந்தில் நிலம் இழந்தவர்கள் ஆலைக்குள் போனார்கள். மீந்தவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். இன்றைய இந்தியாவில் நிலம் இழந்தவருக்கு ஆலைக்குள் இடமில்லை. இயந்திரம் வேலை செய்கிறது. கப்பலேறிப் போக வெற்றுக் கண்டமும் இல்லை. மூலதனம் அவரிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொள்கிறது, அவரை எடுத்துக்கொள்வதில்லை. அப்படி வெளியே தள்ளப்பட்டவர்கள் நடைபாதையில் கடை போட்டு, வண்டி இழுத்து, வீட்டிலேயே பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். லாபத்தைப் பெருக்க ஓடும் மூலதனப் பொருளாதாரம் ஒரு பக்கம். அன்றாடத் தேவைக்காக ஓடும் தேவைப் பொருளாதாரம் மறுபக்கம். ‘இன்னும் முதலாளித்துவம் வராத பழைய மிச்சம்’ என்று இரண்டாவதை நினைப்பது பிழை. முதலாளித்துவம்தான் அதை நாள்தோறும் உற்பத்தி செய்கிறது. அரசியல் அறிஞர் பார்த்தா சாட்டர்ஜி 2008இல் இந்தக் கருத்தை இந்திய ஜனநாயகத்துக்கு விரித்தார். வாக்கு தேவைப்படும் அரசு இந்த மக்களைப் பட்டினியில் விட முடியாது. எனவே ஒரு கையால் நிலத்தைப் பறித்துக்கொண்டே மறுகையால் மானியமும் உதவித்தொகையும் கொடுக்கிறது. வங்கத்திலும் தமிழ்நாட்டிலும் எந்தக் கட்சி ஆண்டாலும் நலத்திட்டங்கள் ஏன் பெருகுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. இலவசம் என்று இகழ்பவர்களுக்கும் வள்ளல்தன்மை என்று புகழ்பவர்களுக்கும் இது ஒருசேரப் பதில் சொல்கிறது.

இந்தக் கோட்பாடு நூலகத்தில் மட்டும் பிறந்ததில்லை. 1996 நவம்பரில் இடது முன்னணி அரசே ‘ஆபரேஷன் சன்ஷைன்’ என்ற பெயரில் கரியாஹாட் முதலிய இடங்களில் நடைபாதைக் கடைகளை ஓர் இரவில் இடித்துத் தள்ளியது. தொழிலாளர் கட்சியின் கணக்கில் நடைபாதை வியாபாரி தொழிலாளி அல்ல. அவருக்கு முதலாளி இல்லை, ஆலை இல்லை, சங்க ரசீது இல்லை. ஆனால் மூடப்பட்ட ஆலைகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள், நிலம் போன கிராமத்திலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள். கடை இழந்தவர்கள் ஹாக்கர் சங்கிராம் கமிட்டியாகத் திரண்டு போராடி மெல்ல மெல்லத் திரும்பி வந்தார்கள். அந்தப் போராட்டம் நாடு முழுதும் பரவி, 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வரக் காரணமான நீரோட்டங்களில் ஒன்றானது. 2024 ஜூனில், இடது முன்னணிக்குப் பின் ஆட்சிக்கு வந்த திரிணாமூல் காங்கிரஸ் அரசின் கீழ் மீண்டும் புல்டோசர் வந்தது. கொடியின் நிறம் மாறியும் நடைபாதையில் நடப்பது மாறவில்லை. இந்தத் தொடர்ச்சியைக் கட்சிகளின் பகையைக் கொண்டு விளக்க முடியாது. நகர நிலத்தின் விலையைக் கொண்டுதான் விளக்க முடியும்.

பண்பாட்டிலும் இதே கதைதான். துர்கா பூஜைப் பந்தல்களுக்கு அருகே கம்யூனிஸ்ட் கட்சியினர் சிவப்புத் துணி கட்டிப் புத்தகக் கடை போடுவது பல பத்தாண்டு வழக்கம், இன்றும் போடுகிறார்கள். 1985இல் பெயிண்ட் நிறுவனம் ஒன்று சிறந்த பந்தலுக்குப் பரிசு கொடுக்கத் தொடங்கியது. அதிலிருந்து தெருவார் வசூலித்து நடத்திய பூஜை விளம்பரதாரர் பூஜையாக மாறியது. 2019ஆம் ஆண்டுப் பூஜையைச் சுற்றிய படைப்புப் பொருளாதாரத்தின் மதிப்பு 32,377 கோடி ரூபாய் என்று பிரிட்டிஷ் கவுன்சில் செய்வித்த ஆய்வு மதிப்பிட்டது. 2021இல் யுனெஸ்கோ அங்கீகாரம். மாநில அரசு ஒவ்வொரு பூஜைக் குழுவுக்கும் 2018இல் 10,000 ரூபாய் கொடுத்தது. 2025இல் அது 1,10,000 ரூபாய். பக்தி, கலை, வணிகம், வாக்கு எல்லாம் ஒரே பந்தலுக்குள் வந்துவிட்டன. களிமண் பிசையும் குமார்துலிக் கைவினைஞருக்கும் மூங்கில் கட்டும் மேதினிப்பூர்த் தொழிலாளிக்கும் அந்தக் கோடிகளில் எவ்வளவு போகிறது என்று கேட்கும் பழக்கத்தை மார்க்சியத்திடமிருந்துதான் நாம் கற்றோம்.

2020இல், ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் நடந்தே ஊர் திரும்பிய அந்த ஆண்டில், பெஹாலாவின் பரிஷா கிளப் பந்தலில் துர்கைக்குப் பதிலாக இடுப்பில் குழந்தையோடு நிற்கும் ஒரு தொழிலாளித் தாய் நின்றாள். சிற்பி பல்லப் பௌமிக். கருத்து ரிந்து தாஸ். மூல ஊக்கம் பிகாஷ் பட்டாச்சார்ஜியின் ஓவியம். எந்தக் கட்சியும் சொல்லிச் செய்த வேலை இல்லை இது. சித்தபிரசாத் 1943இல் கேட்ட கேள்வி, கட்சி தோற்ற ஊரில், கோயில் வடிவத்துக்குள்ளேயே மறுபடி எழுந்தது. ஒரு சிந்தனை பண்பாட்டில் ஊறிவிட்டது என்பதற்கு நான் காட்டக்கூடிய சான்று இது.

இதெல்லாம் வங்கத்துச் சேதி என்று தமிழ் வாசகர் ஒதுக்கிவிட வேண்டாம். பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் தர மறுத்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் போராடுகிறார்கள். 2023இல் செய்யாறு அருகே மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. இங்கேயும் வளர்ச்சி என்ற சொல்லுக்கு முன்னால் எல்லாக் கட்சிகளும் தயங்குகின்றன, இடதுசாரிகள் உட்பட. நிலம் எடுக்கும் அடுத்த அறிவிப்பு வரும்போது, ஏக்கருக்கு எவ்வளவு என்ற பேரத்துக்குள் உடனே போய்விடாதீர்கள். அந்த ஊரில் நிலமில்லாமல் நடவு நடுகிறவர், வாரத்துக்கு உழுகிறவர், ஏரியில் மாடு மேய்க்கிறவர் யார் யார் என்று கேளுங்கள். இழப்பீட்டுப் பட்டியலை வாங்கி, அவர்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவர்கள் பெயர் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.